புதுப்பிக்கப்படாத முதல் கார்: ஷெல்பி டேடோனா கூப்பே சி.எஸ்.எக்ஸ். 2287-இன் அசலும் விலையும்

கலிஃபோர்னியாவில் மாத வாடகைக்கு விடப்படும் கிடங்கு அறை ஒன்றில், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்த நீல நிறப் பந்தயக் கார் ஒன்று, அதை வைத்திருந்த பெண்மணி 2000-ஆம் ஆண்டில் இறந்த பிறகு வெளியுலகின் கண்ணில் பட்டது. அதன் சேசிஸ் எண், அதாவது அடிச்சட்டத்தின் எண், சி.எஸ்.எக்ஸ். 2287. அமெரிக்கப் பந்தயக் கார் தயாரிப்பாளர் கேரல் ஷெல்பியின் குழு 1964-65 ஆண்டுகளில் உருவாக்கிய, மூடிய கூரை கொண்ட ஆறே ஆறு டேடோனா கூப்பே கார்களில் இதுவே முதலாவது. மற்ற ஐந்தும் எங்கே, யாரிடம் இருக்கின்றன என்பது ஆர்வலர்களுக்குத் தெரிந்திருந்தது. இது மட்டும் பல்லாண்டுகளாக வதந்தியாகவே வாழ்ந்து வந்தது.

இத்தகைய கார் வெளிவரும்போது இரண்டு கேள்விகள் உடனே எழுகின்றன. இது உண்மையிலேயே அந்தக் கார்தானா, அதில் எவ்வளவு அசலாக எஞ்சியிருக்கிறது என்பது முதல் கேள்வி. இதன் விலை என்ன என்பது இரண்டாவது. இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். 2287-ஐப் பொறுத்தவரை, முதல் கேள்விக்குச் சொல்லும் விடையிலிருந்து இரண்டாவதைப் பிரிக்கவே முடியாது. அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்களுள் அசல் என்ற சொல்லின் பொருளை இவ்வளவு தெளிவாகச் சோதித்துப் பார்க்க இடம் தரும் வேறொரு காரை நான் அறியேன். இதை விரிவாக எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

கார் பிறந்த விதம்

டேடோனா கூப்பேக்கு அடிப்படையான ஷெல்பி கோப்ரா என்பதே ஒரு கலப்புப் படைப்பு. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் தேம்ஸ் டிட்டன் என்ற ஊரில் இருந்த ஏ.சி. நிறுவனம் சேசிஸையும் அலுமினிய உடலையும் செய்து எஞ்சின் இல்லாமல் கப்பலேற்றும். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இருந்த ஷெல்பியின் பட்டறையில் ஃபோர்டின் வி-8 எஞ்சின் அதில் பொருத்தப்படும். எடை குறைவு, வலு மிகுதி என்பதால் அமெரிக்காவின் குறுகிய பந்தயத் தடங்களில் இந்தத் திறந்த கார் வெற்றி மேல் வெற்றி பெற்றது. ஆனால் பிரான்சின் லெ மான் தடத்தில் உள்ள மிக நீண்ட நேர்சாலையில், அதன் மழுங்கிய முகமும் திறந்த உடலும் காற்றோடு மல்லுக்கட்டி வேகத்தை இழந்தன. எதிரே நின்றது மூடிய, வழுவழுப்பான ஃபெராரி 250 ஜி.டி.ஓ.

சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட ஜி.டி. வகைப் பந்தயங்களுக்கான அன்றைய சர்வதேச விதிகள், அங்கீகாரம் பெற்ற சேசிஸின் மேல் வேறு வடிவ உடலைப் பொருத்த இடம் கொடுத்தன. அந்த வாசலைப் பயன்படுத்தியவர் பீட்டர் பிராக் என்ற இளம் வடிவமைப்பாளர். இவர் இதற்கு முன் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றியவர். அந்த நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் 1963 மாடல் ஸ்டிங் ரேயின் வடிவத்துக்கு வித்திட்ட 1957-ஆம் ஆண்டு வரைபடமும் இவருடையதே. பின்புறம் சட்டென்று வெட்டிவிட்டது போல முடியும் கூப்பே உடலை இவர் வரைந்தார். ஜெர்மன் ஆய்வாளர் வூனிபால்ட் காம் முன்வைத்த காற்றியக்கக் கருத்தைப் பின்பற்றிய அந்த வடிவத்தைப் பட்டறையிலேயே பலர் நம்பவில்லை. சோதனை ஓட்டுநரும் பொறியாளருமான கென் மைல்ஸ் நம்பினார். மரச்சட்ட அச்சின் மேல் அலுமினியத் தகடுகளைப் பொருத்திப் பார்த்து உடல் உருவாக்கப்பட்டது. நெகிழ்வுக்குப் பெயர்போன கோப்ரா சேசிஸின் மேல் முக்கோணப் பிணைப்பாகக் குழாய்கள் சேர்க்கப்பட்டு அது இறுக்கமாக்கப்பட்டது. கூப்பேயின் வெற்றியில் வடிவத்துக்கு உள்ள பங்கைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். இந்தக் குழாய்களுக்கு உரிய பங்கை அவ்வளவாகப் பேசுவதில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. முதல் கார் மட்டுமே கலிஃபோர்னியாவில் உடல் பெற்றது. மற்ற ஐந்து சேசிஸ்களும் இத்தாலியின் மொதேனா நகருக்கு அனுப்பப்பட்டு, கரோட்ஸேரியா கிரான் ஸ்போர்ட் என்ற பட்டறையில் உடல் பெற்றன. அவற்றின் கூரைக் கோடும் முதல் காரின் கூரைக் கோடும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. ஆகவே ஆறும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. பிராக்கும் மைல்ஸும் தங்கள் கண்முன்னே செய்து பார்த்த உடல், சி.எஸ்.எக்ஸ். 2287 ஒன்றில்தான் இருக்கிறது.

பந்தயத் தடத்தில்

1964 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் டேடோனா தடத்தில் நடந்த 2000 கிலோமீட்டர் பந்தயமே இதன் முதல் களம். கூப்பேக்குப் பெயர் வந்ததும் அங்கிருந்துதான். டேவ் மெக்டொனால்டும் பாப் ஹோல்பர்ட்டும் ஓட்டிய கார் முன்னணியில் இருந்தபோது, எரிபொருள் நிரப்ப நிறுத்திய இடத்தில் பின்பகுதியில் தீப்பற்றியது. ஒரு மெக்கானிக் தீக்காயம் அடைந்தார். காரும் பந்தயத்திலிருந்து விலகியது. அடுத்த மாதமே செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் அதே இருவர் அதே காரை ஓட்டி, ஒட்டுமொத்தத்தில் நான்காவதாகவும் ஜி.டி. வகையில் முதலாவதாகவும் வந்தார்கள்.

மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், 1961-இன் உலகச் சாம்பியன் ஃபில் ஹில் இதை ஓட்டினார். அதிவேகத்தில் காரின் பின்புறம் தரையை விட்டு எழும்ப முயல்வதை அவர் உணர்ந்து சொன்னதும், அங்கேயே அலுமினியத் தகட்டை வெட்டி வளைத்து, காற்றின் விசையால் பின்புறத்தைக் கீழே அழுத்தும் ஒரு ஸ்பாய்லரை வால் விளிம்பில் பொருத்தினார்கள். பின்னர் வந்த எல்லாக் கூப்பேக்களுக்கும் அது இயல்பான உறுப்பாயிற்று. ஜூன் மாதம் லெ மானில் கிறிஸ் ஏமனும் யோக்கன் நீர்பாஷும் 2287-ஐ ஓட்டினார்கள். மின்கலம் வலுவிழந்ததால் வெளியிலிருந்து கொண்டுவந்த மின்கலத்தால் எஞ்சினைக் கிளப்பியது விதிமீறலாகக் கருதப்பட்டு கார் நீக்கப்பட்டது. உடன் ஓடிய இரண்டாவது கூப்பே, டான் கர்னி, பாப் பாண்டுரண்ட் ஆகியோர் கையில் நான்காவதாக வந்து ஜி.டி. வகையை வென்றது. 1965-இல் ஷெல்பியின் அணி உலக ஜி.டி. தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. ஃபெராரியிடமிருந்து அந்தப் பட்டத்தை ஓர் அமெரிக்க அணி பறித்தது அதுவே முதல்முறை. அந்த ஆண்டு நவம்பரில் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புவெளியில் கிரெய்க் பிரீட்லவ்வும் அவரது தோழரும் 2287-ஐ ஓட்டி, இருபதுக்கும் மேற்பட்ட தேசிய, சர்வதேச வேகச் சாதனைகளைப் படைத்தார்கள். அதோடு அதன் பந்தய வாழ்வு முடிந்தது.

எண் பொருத்தம் என்ற அளவுகோல்

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்ச் சந்தையில் அசல் என்றாலே முதலில் கேட்கப்படுவது வண்டியின் எண்ணும் எஞ்சினில் உள்ள எண்களும் பொருந்துகின்றனவா என்பதுதான். இந்த அளவுகோல் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைப் புரிந்துகொள்ள, அதன் சொந்த வீடான கார்வெட்டைப் பார்ப்பது நல்லது.

1967-ஆம் ஆண்டு கார்வெட் மொத்தம் 22,940 கார்கள் செய்யப்பட்டன. அவற்றுள் 427 கன அங்குலம், 435 குதிரைத்திறன் கொண்ட எல்-71 எஞ்சினோடு ஆலையிலிருந்து வெளிவந்தவை 3,754. இன்று ஒரு எல்-71 காருக்கும் சாதாரண 327 கன அங்குல எஞ்சின் காருக்கும் உள்ள விலை வேறுபாடு மிகப் பெரியது. ஆனால் 1972-க்கு முந்தைய கார்வெட்டின் வண்டி எண் எந்த எஞ்சின் வந்தது என்பதைச் சொல்லாது. அமெரிக்காவில் விற்கப்பட்ட அக்காலக் கார்வெட்டுகளுக்கான தனித்தனித் தயாரிப்பு விவரங்களை நிறுவனமும் காத்து வைக்கவில்லை. ஃபோர்டின் 1967 முதலான பதிவுகள் பிழைத்திருப்பதால் மஸ்டாங் வாங்குபவருக்கு உள்ள வசதி கார்வெட் வாங்குபவருக்கு இல்லை. அவர் எஞ்சினைத்தான் படிக்க வேண்டும்.

வலப்பக்க சிலிண்டர் தலைக்கு முன்னால் எஞ்சின் பிளாக்கில் ஒரு சிறு சமதளம் உண்டு. அதில் இரண்டு முத்திரைகள் இருக்கும். ஒன்று எஞ்சின் ஆலை இட்டது: டோனவாண்டா ஆலையைக் குறிக்கும் எழுத்து, மாதம், தேதி, இறுதியில் எஞ்சின் வகைக் குறியீடு. எல்-71-க்கு அது ஜே.இ. மற்றொன்று செயின்ட் லூயிஸ் கார் ஆலை இட்ட வண்டி எண்ணின் பகுதி. பிளாக் வார்க்கப்பட்ட தேதி, எஞ்சின் பூட்டப்பட்ட தேதி, கார் முடிந்த தேதி ஆகிய மூன்றும் இதே வரிசையில், நியாயமான இடைவெளியில் இருக்க வேண்டும். இதற்கு மேல், அந்தச் சமதளத்தைச் செதுக்கிய இயந்திரம் விட்டுச்சென்ற மெல்லிய இணைகோடுகள் எண்களின் அடியில் தெரிய வேண்டும். எண்களைப் போலியாக அடிப்பது எளிது. அந்தக் கோடுகளைப் போலி செய்வது கடினம். நேர்மையான பழுதுபார்ப்பின்போது பிளாக்கின் மேல்தளத்தைச் சீவினாலும் கோடுகளும் எண்களும் போய்விடும் என்பதால், அவை இல்லாத ஒவ்வொரு காரும் மோசடி என்று சொல்லிவிடவும் முடியாது. தேர்ந்த மதிப்பீட்டாளர்கள் அந்த விரல் அகலத் தளத்தின் மேல் அரைமணி நேரம் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

இந்த அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டு 2287-இன் முன் நின்றால் பயன் கிட்டாது. பந்தயக் குழுவில் எஞ்சின் என்பது தேயும் பொருள். ஒரு பந்தயத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இன்னொன்று என்று 289 கன அங்குல எஞ்சின்கள் மாற்றப்பட்டன. கியர் பெட்டிக்கும் அதுவே விதி. எந்த எஞ்சினோடு பிறந்தது என்ற கேள்வி, இத்தகைய காரில் குறைந்த எடையே பெறும். அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியது சேசிஸும் உடலும் ஒன்றையொன்று பிரியாமல் வந்திருக்கின்றனவா, ஓடிய காலத்தில் ஏற்பட்ட மாற்றங்கள் எவை, ஓய்ந்த பிறகு வந்த கைகள் எவற்றை மாற்றின என்பது.

காரிலேயே உள்ள சாட்சியம்

ஏ.சி. செய்த அந்தத் தலைமுறைச் சேசிஸின் அடிப்படை, 3 அங்குல விட்டமுள்ள இரண்டு முதன்மைக் குழாய்கள். முன்னும் பின்னும் குறுக்கே அமைந்த, அதிர்வைத் தாங்கும் இலைவில்கள். சேசிஸ் எண்ணை மட்டும் நம்பி எந்தக் கோப்ராவையும் ஏற்க முடியாது. அசல் கோப்ராக்கள் ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. பிரதிகளோ அதைப் பல மடங்கு மிஞ்சியவை. நொறுங்கிய காரின் எண்ணைப் புதுச் சேசிஸுக்கு ஏற்றுவதும், ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கோருவதும் இந்த உலகில் நடந்திருக்கின்றன. 1975-இல் தொடங்கப்பட்ட ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப் ஒவ்வொரு சேசிஸுக்கும் தனித்தனியாக வரலாற்றைத் தொகுத்துப் பதிவேடாக வெளியிட்டதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

எண்ணைக் காட்டிலும் உறுதியாகப் பேசுவது கைவேலை. குழாய்ச் சட்டத்தில் வெல்டிங் ஓடிய பாங்கு, ரிவெட்டுகளின் சீரற்ற இடைவெளி, தகட்டின் உட்புறத்தில் சுத்தியல் விட்ட தடங்கள், அவசரத்தில் துளையிட்டுப் பின் பயன்படுத்தாமல் விட்ட ஓட்டைகள் ஆகியவற்றை 1964-65-இல் எடுக்கப்பட்ட புகைப்படங்களோடு ஒப்பிடலாம். இவை எவரும் பிற்காலத்துக்காகத் திட்டமிட்டு விட்டுச்சென்ற அடையாளங்கள் அல்ல. அதனால்தான் அவற்றுக்கு நம்பகத்தன்மை மிகுதி. புதுப்பிப்பவர் முதலில் செய்வது என்ன? பெயின்டைச் சுரண்டுவார், தகட்டை நேராக்குவார், தேவையற்ற துளைகளை அடைப்பார், ரிவெட்டுகளைப் புதிதாக அடிப்பார். காரை அழகாக்கும் ஒவ்வொரு செயலும் ஒரு சாட்சியத்தை அழிக்கிறது. கிடங்கில் பூட்டப்பட்டுக் கிடந்த 2287-க்கு இந்த அழகுபடுத்தல் நேரவில்லை.

டேடோனா தீயையும் ஸ்பா ஸ்பாய்லரையும் இங்கே மீண்டும் நினைவுகூர வேண்டும். பட்டறையை விட்டு முதன்முதலில் வெளிவந்த நாளின் நிலைதான் அசல் என்று வைத்துக்கொண்டால், தீக்குப் பின் சீர்செய்த பகுதி பழுது ஆகிவிடும், ஸ்பாய்லர் பிற்சேர்க்கை ஆகிவிடும். அவற்றை நீக்கி 1964 ஜனவரிக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டியிருக்கும். இதைவிடப் பெரிய பிழை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஃபில் ஹில்லின் சொல்லைக் கேட்டு அன்று அங்கே வளைத்த தகடு, இந்தக் கார் எப்படிக் கற்றுக்கொண்டு வளர்ந்தது என்பதன் நேரடிச் சான்று. பந்தயக் காருக்கு அசல் நிலை என்பது பிறந்த நாளல்ல, உழைத்து முடித்த நாள். 2287-இன் கடைசி உழைப்பு 1965 நவம்பர், பானவில். அந்த நாள்வரை அதில் ஏறியவை எல்லாம் அசலின் பகுதி. அதற்குப் பின் ஏறியவை தனியாகக் கணக்கிடப்பட வேண்டும்.

கைமாறிய கதை

சாதனை ஓட்டங்களுக்குப் பின் இந்தக் கார் பழைய பந்தயக் காராகச் சில ஆயிரம் டாலருக்கு விற்கப்பட்டது. அன்று அதற்கு மேல் விலை இல்லை. பொம்மைப் பந்தயக் கார் உற்பத்தியாளர் ஒருவரிடமிருந்து அது இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரிடம் போயிற்று. அவர் அதைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். எஞ்சின் வெப்பம் முழுவதும் உள்ளே இறங்கும் பந்தயக் கூப்பே ஊருக்குள் ஓட்ட உகந்ததல்ல. அவரிடமிருந்து அவருடைய ஊழியர் ஒருவரிடமும், பின்பு அந்த ஊழியரின் மகளிடமும் அது போய்ச் சேர்ந்தது. அவர்தான் அதைக் கிடங்கில் வைத்துப் பூட்டியவர். வாங்க வந்தவர்களுக்கெல்லாம் மறுப்பே விடையாகக் கிடைத்தது. ஷெல்பியே முயன்றும் பலிக்கவில்லை.

2000-இல் அந்த மகள் இறந்ததும் காரின் உரிமை வழக்காயிற்று. குடும்பத்தார் தரப்பில் ஒரு விற்பனை நடந்தது. இறப்பதற்கு முன் தனக்கே தரப்பட்டது என்று நண்பர் ஒருவர் உரிமை கோரினார். ஸ்பெக்டரும் தாம் அதைக் கொடுத்துவிடவில்லை, வைத்திருக்கவே கொடுத்தேன் என்ற நிலையை எடுத்தார். இதற்கிடையே வியாபாரி ஒருவர் வழியாகப் பல மில்லியன் டாலருக்கு அதை வாங்கியிருந்தவர் ஃபிலடெல்ஃபியாவின் நரம்பியல் அறுவை மருத்துவரும் சேகரிப்பாளருமான ஃபிரெட் சிமியோன். வழக்குகள் தீர்ந்தபின் கார் அவரிடமே நிலைத்தது.

உரிமைத் தொடரில் உள்ள ஒவ்வொரு கையும் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த அத்தியாயமே விளக்கம். காரின் உடலில் ஐயமே இல்லாத நேரத்திலும், உரிமையில் ஐயம் இருந்தவரை அதற்கு உறுதியான விலை என்று ஒன்று இருக்க முடியவில்லை. அதே நேரத்தில், விற்க மறுத்த ஒருவரின் பிடிவாதம்தான் அந்த உடலைக் காத்தது. 1970-களிலோ 80-களிலோ சந்தைக்கு வந்திருந்தால், அக்கால வழக்கப்படி அது வெற்றுத் தகடுவரை உரிக்கப்பட்டு, கண்ணாடிபோல் பளபளக்கும் பெயின்டோடு கண்காட்சிப் பரிசுக்குத் தயாராகியிருக்கும். நற்பண்பு கருதிச் செய்ததா, சொந்தக் காரணங்களால் செய்ததா என்பதைத் தாண்டி, அந்தப் பெண்மணிக்கு மோட்டார் வரலாறு கடன்பட்டிருக்கிறது.

சிமியோனின் முடிவு

சிமியோன் அதைப் புதுப்பிக்கவில்லை. ஓடும் நிலைக்குக் கொண்டுவரத் தேவையான இயந்திர வேலைகள் நடந்தன. மேற்பரப்பும் உடலும் இருந்தபடியே காக்கப்பட்டன. 2008-இல் ஃபிலடெல்ஃபியாவில் திறக்கப்பட்ட அவரது அருங்காட்சியகத்தில் இன்றும் அது நிற்கிறது. பழைய ஓவியத்தின் மேல் புதுவண்ணம் பூசத் துணியாதவர்கள் பழைய காரின் மேல் மட்டும் ஏன் துணிகிறார்கள் என்ற கேள்வியை அவர் 2022-இல் மறையும்வரை ஓயாமல் எழுப்பிக்கொண்டிருந்தார். அப்போது சிறுபான்மையாக இருந்த அந்தக் குரல் இன்று சேகரிப்பாளரிடையே வலுவான தரப்பாகிவிட்டது.

2014 ஜனவரியில், அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதல் காராக சி.எஸ்.எக்ஸ். 2287 சேர்க்கப்பட்டது. வரலாற்றுக் கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் பின்பற்றப்படும் உள்துறை அமைச்சகத்தின் ஆவணமுறையைத் தழுவி, அளவெடுப்பு, புகைப்படம், எழுத்து வரலாறு ஆகியவை தயாரிக்கப்பட்டு, காங்கிரஸ் நூலகத்தில் நிரந்தரமாக வைக்க வழிசெய்யப்பட்டது. மதிப்பீட்டாளரின் பார்வையில் இது வெறும் கௌரவம் அல்ல. அன்று இருந்த நிலை இதுதான் என்று பொதுப் பதிவில் நிலைத்துவிட்டதால், நாளை யாராவது ஒரு தகட்டை மாற்றினாலும் அது தெரிந்துவிடும்.

விலையைக் கணித்தல்

2287 பொது ஏலத்துக்கு வந்ததே இல்லை. அறக்கட்டளை அருங்காட்சியகத்தில் இருக்கும் காருக்கு விலைச்சீட்டும் இல்லை. ஆனால் காப்பீட்டுக்காகவேனும் ஒரு தொகை சொல்லியாக வேண்டும். அப்போது மதிப்பீட்டாளர் உறவுக் கார்களின் விலையிலிருந்துதான் தொடங்குவார்.

மிக நெருங்கிய உறவு சி.எஸ்.எக்ஸ். 2601. 1965-இல் உலகப் பட்டம் உறுதியான ரீம்ஸ் பந்தயத்தோடு தொடர்புடைய இந்தக் கூப்பே, 2009-இல் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் 72.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2009 உலகப் பொருளாதாரம் அடிவாங்கியிருந்த ஆண்டு. அந்த நேரத்திலேயே இவ்வளவு கிடைத்தது என்பதுதான் செய்தி. ஏலத்தில் சுத்தியல் விழும் தொகையும், வாங்குபவர் கட்டணத்தைச் சேர்த்த தொகையும் வேறுவேறு என்பதையும் எந்த ஒப்பீட்டிலும் மறக்கக் கூடாது.

இன்னொரு உறவு சி.எஸ்.எக்ஸ். 2000, உலகின் முதல் கோப்ரா. ஷெல்பி தன் இறுதிநாள்வரை கைவிடாத கார் அது. 2016 ஆகஸ்டில் மான்டரேயில் 1 கோடியே 37.5 லட்சம் டாலருக்கு விற்றது. அதுவரை ஏலத்தில் விற்ற அமெரிக்கக் கார்களில் அதுவே உச்ச விலை. அதன் தோல் இருக்கையில் வெடிப்புகள், உடலில் காலத்தின் வடுக்கள். அவற்றை யாரும் குறையாகக் கணக்கிட்டுக் கழிக்கவில்லை. இந்த விற்பனைதான் 2287-க்கு மிகப் பொருத்தமான வழிகாட்டி என்பேன். ஏனெனில் இரண்டும் வரிசையில் முதலாவது, இரண்டும் பெருமளவு தீண்டப்படாதவை. ஆனால் 2000 எண் கார் பத்திரிகைகளுக்கு ஓட்டிக்காட்டப்பட்ட முன்மாதிரி. 2287 செப்ரிங்கில் தன் வகையில் வென்று, ஸ்பாவில் திருத்தப்பட்டு, லெ மானில் ஓடி, பானவிலில் சாதனை படைத்தது.

எதிர்த்தரப்பையும் பார்க்க வேண்டும். 1962-ஆம் ஆண்டு ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று 2018 ஆகஸ்டில் மான்டரேயில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. ஜி.டி.ஓ. 36 கார்கள், டேடோனா கூப்பே 6. தடத்தில் இறுதியில் வென்றதும் கூப்பேதான். அப்படியிருந்தும் சந்தை ஃபெராரிக்கு இவ்வளவு மேலிடம் தருவதற்குக் காரணம் உண்டு. ஜி.டி.ஓ.வை வாங்கிச் சாலையில் ஓட்டலாம். ஒவ்வொரு சில ஆண்டும் ஏதாவதொன்று கைமாறுவதால் விலை நிலைபெற்றுக்கொண்டே வருகிறது. கூப்பே கைமாறுவது தலைமுறைக்கு ஒருமுறை. அதோடு, உரிமம் பெற்றும் பெறாமலும் செய்யப்பட்ட கோப்ரா பிரதிகளின் பெருக்கம், அறியாதவர் கண்ணில் அந்த வடிவத்தையே மலிவாக்கிவிட்டது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், 2016-இல் முதல் கோப்ரா தொட்ட தொகையை 2287-இன் அடித்தளமாகத்தான் கொள்ள முடியும், உச்சமாக அல்ல என்பது என் கணிப்பு. அந்த அடித்தளமும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. யாரேனும் ஒருநாள் அந்தப் பழைய நீலத்தைச் சுரண்டிப் புது நீலம் பூசினால், எண்ணும் பெயரும் வரலாறும் மாறாமல் இருக்கும். ஆனால் 2601-க்கு மேலே 2287-ஐ வைக்க எனக்கு இருக்கும் தலையாய காரணம் அன்றே போய்விடும்.